ஓர்லிந்தா காத்திருந்த வாரம்

எல் ரெமான்ஸோ பள்ளத்தாக்கில் யாருடைய வண்டி எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் ஓர்லிந்தா மாயெஸ்தாஸுக்குத்தான் போன் வரும். பனியில் சறுக்கியது, எல்க் மானில் மோதி மூக்கு உடைந்தது, கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வாய்க்காலுக்குள் இறக்கியது என்று எல்லாவற்றையும் சங்கிலி போட்டு இழுத்து வருவது அவள்தான். அந்த இழுவை வண்டி அவள் அப்பா விட்டுப்போனது. எஞ்சினை இரண்டு முறை மாற்றிவிட்டாள். கதவில் அப்பா பெயர் அப்படியே இருந்தது.

கல்யாணமான நாலாம் வருடம் புருஷன் வேலை தேடி ஆல்புகர்க்கி நகரத்துக்குப் போனான், அங்கே வேலையோடு இன்னொரு குடும்பமும் கிடைத்துவிட்டது. போய் ஒரு வார்த்தை கேள் என்று உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். போனவனைத் தேடி ஒரு சொட்டு டீசல்கூட வீணாக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கைக்குழந்தையாக இருந்த மகன் அமதேயோவை வண்டியிலேயே வளர்த்தாள். அவன் முதலில் பேசிய வார்த்தை 'கொக்கி'.

அவளிடம் ஒரு குணம் உண்டு, ஊரே அறிந்தது. எதையும் மறக்க மாட்டாள். நாலாம் வகுப்பில் அவள் அப்பாவைத் திருடன் என்று சொன்ன ஒருவன், நாற்பது வயதில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு போன் செய்தான். அன்றைக்கு மலைமேல் மாட்டிய எல்லா வண்டிகளையும் இறக்கிவிட்டு அவனைக் கடைசியாகப் போய் எடுத்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அவன் பல் கிடுகிடுக்கக் கேட்டதற்கு, நாலாங்கிளாஸ் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அது புரியவே இல்லை. புரிய வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை.

அமதேயோவுக்கு இருபத்திரண்டு வயது. மர அறுவை ஆலையில் வேலை. ஒரு பிப்ரவரி விடிகாலையில், பாலம் தாண்டி வளைவில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடப்பதாக ஓர்லிந்தாவுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவள் பிரிசிலா. காவல்துறையின் போன் அறையில் இருப்பவள், அமதேயோவுக்கு ஞானத்தாய், ஓர்லிந்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. வழியில் போன லாரிக்காரன் சொன்ன இடத்தை அவள் அப்படியே சொன்னாள். நிறமோ எண்ணோ அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஓர்லிந்தா வளைவில் வண்டியை நிறுத்தி, விளக்கைத் திருப்பி, சங்கிலியை எடுத்துக்கொண்டு சரிவில் பாதி இறங்கியபோதுதான் பின் கண்ணாடியில் மகன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது அவள் பனியில் உட்கார்ந்து மகனின் தலையை மடியில் வைத்திருந்தாள். அன்று அந்தக் காரை அவளேதான் இழுத்து வந்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை.

இடித்தவன் லெவி பதீயா. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன், முப்பது வயது, விடிய விடியக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். நிற்காமல் போய், உடைந்த பிக்-அப்பை ஒரு வைக்கோல் கொட்டகையில் மறைத்து வைத்திருந்தான். வழக்கு நடந்தபோது இரண்டு விஷயம் வெளியே வந்தது. அமதேயோ உடனே சாகவில்லை, ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் லெவி போன் செய்திருக்கிறான். ஆம்புலன்ஸுக்கு இல்லை, பிக்-அப்பை மறைக்க உதவி கேட்டுச் சித்தப்பா மகனுக்கு.

ஆறு வருடம் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்புக்கு முன் லெவி ஒரு காகிதத்தைப் பார்த்து மன்னிப்பு வாசித்தான். ஒரு இடத்தில் வார்த்தை தடுக்கி, திரும்ப அதே வரியை வாசித்தான். ஓர்லிந்தாவுக்கு அவன் முகம் மறந்தாலும் மறக்கும், அந்த இரண்டாம் தடவை வாசித்த வரி மறக்காது. பிரிசிலா அந்த வாரமே ஓர்லிந்தா வீட்டில் இருந்த பழைய வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் பூட்டிவிட்டாள். நீ அவனைக் கொல்லுவே என்றும் சொல்லவில்லை, உன்னையே சுட்டுக்குவே என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எலி என்று சொல்லி எடுத்துப்போனாள்.

ஆறு வருடம் என்றது மூன்றரை வருடத்தில் முடிந்தது. நன்னடத்தை என்றார்கள். பரோலில் வெளியே வந்த லெவி, அதே பள்ளத்தாக்கில் தன் அத்தை வீட்டிலேயே குடிவந்தான். செப்டம்பர் கடைசியில், கடைத்தெருவில் பச்சை மிளகாய் சுடும் கம்பி உருளைகள் சுற்றிக்கொண்டிருக்க, ஊர் முழுக்கப் புகை மணத்துக்கொண்டிருந்தபோது ஓர்லிந்தா அவனைப் பார்த்தாள். மூட்டை வாங்க வரிசையில் நின்றான். பக்கத்தில் ஒரு இளம்பெண், அவள் இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் ஏதோ சொல்ல, அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

அவன் வெளியே வந்ததைக்கூட அவள் பொறுத்திருந்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. சிரித்து முடித்துத் திரும்பியவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. மூட்டையை வாங்காமலே அந்தப் பெண்ணைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ஓர்லிந்தா பெலார்மினோ கடைக்குப் போனாள்.

பெலார்மினோ லுசேரோ மாட்டுத் தீவனம், தூண்டில், ரப்பர் பூட்ஸ், துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் விற்பவர். எழுபது தாண்டியவர். ஊருக்கே அவர் 'தியோ', மாமா. வேட்டைக்காலம் நெருங்கியதால் கடையில் கூட்டம். அந்த வருடம்தான் மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருந்தது. பின்னணி விசாரித்துச் சரி என்று பதில் வந்தாலும், ஏழு நாள் கழித்துத்தான் துப்பாக்கி கைக்கு வரும். வருகிறவர்கள் எல்லோரும் தியோவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தியோ, நீங்களே அந்த எல்க்குக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க," என்றான் ஒரு தொப்பிக்காரன். "ஏழு நாள் கழிச்சு வர்றேன், அதுவரைக்கும் அங்கயே நிக்கட்டும்னு."

"நீ சுடுற லட்சணத்துக்கு அது எழுபது நாள் நின்னாலும் ஒண்ணும் ஆகாது," என்றார் தியோ.

ஓர்லிந்தா சிரிக்கவில்லை. கைக்கு அடக்கமான ஒரு ரிவால்வரைக் காட்டினாள். மலைமேல் தனியாகப் போகிறேன், கரடி, குடிகாரர்கள் என்று அவளாகவே காரணம் சொன்னாள். முப்பது வருடமாக ஒரு இரும்புக் கம்பியோடு அதே மலைக்குப் போய்வருகிறவள். தியோ ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெயரையும் மற்றதையும் கம்ப்யூட்டரில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. தடையில்லை. அவள் மேல் ஒரு வழக்கில்லை, ஒரு புகாரில்லை. அவள் மனதுக்குள் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்க அந்த யந்திரத்துக்கு வழி கிடையாது.

"அடுத்த வியாழக்கிழமை வா, மிஹா," என்றார் தியோ. மகளே என்று அந்த ஊரில் பெரியவர்கள் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் குரல் மட்டும் அன்று கொஞ்சம் இறங்கியிருந்தது.

காத்திருந்த நாட்களில் கோபம் ஆறிவிடும் என்றுதான் சட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். ஓர்லிந்தாவுக்கு ஆறவில்லை, இன்னும் தெளிவானது. லெவி எத்தனை மணிக்கு எழுகிறான், எப்போது அத்தையின் ஆட்டுப்பட்டிக்குத் தீவனம் போடுகிறான், பரோல் அதிகாரியைப் பார்க்க எந்தச் சாலையில் போகிறான் என்று எல்லாம் தெரிந்துகொண்டாள். இழுவை வண்டி எங்கே நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றுப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு அவனைப் பார்ப்பாள். எந்த இடத்தில் நின்று கூப்பிட்டால் திரும்புவான் என்று பார்த்து வைத்தாள். முதுகில் சுடக் கூடாது, யார் என்று பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பதுதான் அவள் போட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை. அதற்குப் பிறகு என்ன என்பதை அவள் யோசிக்கவே இல்லை. பீன்ஸ் வேகவைத்தாள், அடுப்பிலேயே மறந்து கருகவிட்டாள், கருகியதையே சாப்பிட்டாள். அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் விசித்திரம்.

திங்கட்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. முன்னதாகவே தரமாட்டாரா என்று கேட்கக் கடைக்குப் போனாள். உள்ளே மிளகாய் வரிசையில் பார்த்த அந்தப் பெண் நின்றிருந்தாள்.

துப்பாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கியைப் போனில் படம் எடுத்தாள். யாருக்கோ அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, இது இல்லை, பக்கத்தில் இருப்பது என்றாள். தியோவின் கடைப்பையன் எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை, சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். தியோ மறுமுனையில் வேட்டைக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஓர்லிந்தா தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நீலக் கார். ஓட்டுநர் இருக்கை காலி. பக்கத்து இருக்கையில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு லெவி. கையில் போன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொலைக் குற்றத்தில் சிறைக்குப் போய் வந்தவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது, அவன் பெயரை அனுப்பினால் யந்திரம் உடனே மறுத்துவிடும். அதனால் ஒரு குற்றமும் இல்லாத பெயராகப் பார்த்து அனுப்பியிருக்கிறான். இனி அவனும் அவளைப்போல அதே ஏழு நாள் காத்திருக்கப் போகிறான்.

அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பெயர் டெசிரே. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். கூட்டம் கலையும்வரை ஓர்லிந்தா மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். பிறகு தியோவிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. அது அவனுக்கு. உன்னோடது யாருக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"நீ வந்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா வித்தீங்க?"

"ஏழு நாள் இருக்கேன்னுதான். அதுக்குள்ள பிரிசிலாகிட்ட சொல்லலாம், பாதிரியார்கிட்ட சொல்லலாம், ஏதாவது செய்யலாம்னு பாத்தேன். இன்னும் ஒண்ணும் செய்யல. வெட்கமாத்தான் இருக்கு."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விற்பனையை ரத்து செய்துவிடுகிறேன் என்று போனை எடுத்தார். ஓர்லிந்தா அவர் கையைப் பிடித்தாள். ரத்து செய்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். லெவிக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும், அவ்வளவுதான். நாளைக்கு எந்தக் காத்திருப்பும் இல்லாமல் எவனோ ஒருவனிடம் வண்டி நிறுத்துமிடத்தில் வாங்கிக்கொள்வான். வாங்கட்டும். கையில் எடுக்கட்டும். எடுத்த கையோடு பிடிக்கட்டும்.

தியோ நெடுநேரம் அவளைப் பார்த்தார். இந்தக் குரலில் இருப்பது சட்டத்தின் மேல் வந்த மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"பிடிச்சு உள்ள போட்டா உனக்குப் போதுமா?"

ஆட்டுப்பட்டி, அவன் திரும்பும் முகம், எல்லாவற்றையும் மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அமதேயோவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

"சுட்டா அவனுக்கு உடனே முடிஞ்சுரும், தியோ. உள்ள இருந்தா தினம் எழுந்திருக்கணும்."

"அப்ப ஒண்ணு சொல்றேன். அவனோடது போகணும்னா உன்னோடது இங்கயே இருக்கும். கம்ப்யூட்டர் சரின்னு சொல்லியிருக்கலாம். என் கடை, நான் விக்க மாட்டேன்."

அவள் தலையசைத்தாள். அன்று மாலையே தியோ துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அலுவலகத்துக்குப் பேசினார். மறுநாள் சாதாரண உடுப்பில் இரண்டு அதிகாரிகள் தூண்டில் வாங்குவதுபோல் வந்து போனார்கள். விற்பனை அப்படியே நடக்கட்டும், நாங்கள் வெளியே இருப்போம் என்றார்கள். அந்தப் பெண் என்ன ஆவாள் என்று தியோ கேட்டாராம். தெரிந்துதானே தனக்குத்தான் துப்பாக்கி என்று பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றாராம் அதிகாரி.

இவ்வளவோடு முடிந்திருந்தால் ஓர்லிந்தாவுக்கு ஒரு உறுத்தலும் இருந்திருக்காது. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் பிரிசிலா கூப்பிட்டு, கணவாய் ஏற்றத்தில் ஒரு நீலக் கார் புகைந்துகொண்டு நிற்கிறது, உள்ளே சின்னக் குழந்தை வேறு இருக்கிறதாம் என்றாள்.

டெசிரே சாலையோரம் குழந்தைக்குத் தொப்பி போட்டு நிறுத்தி வைத்திருந்தாள். இரண்டு வயதுப் பெண் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. டெசிரேக்கு ஓர்லிந்தாவைத் தெரியவில்லை. மிளகாய் வரிசையில் அவள் பார்க்கும் முன்பே லெவி தள்ளிக்கொண்டு போய்விட்டான். கதவில் எழுதியிருந்த பெயரும் அப்பாவுடையது.

இழுவை வண்டியின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து இறக்கத்தில் இறங்கினார்கள். டெசிரே பயம் விட்டதும் பேசிக்கொண்டே வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை, குழந்தையின் அப்பா எங்கோ டெக்சஸில், இப்போது ஒரு நல்லவன் கிடைத்திருக்கிறான், முன்னால் தப்பு செய்தவன்தான், ஆனால் ரொம்ப மாறிவிட்டான்.

"ராத்திரி தூங்க மாட்டேங்கறான், மேடம். வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னல்ல நிக்கறான்."

"எதுக்கு?"

"அவன் வண்டியில அடிபட்டு ஒரு பையன் செத்துட்டான். அந்தப் பையனோட அம்மா இந்த ஊருதானாம். அவ ஒரு நாள் என்னைக் கொல்லாம விடமாட்டா, அவ கண்ணு அப்படிங்கறான். எங்க போனாலும் அந்தக் கண்ணுதான் தெரியுதாம்."

"நீ அவளைப் பாத்திருக்கியா?"

"இல்ல. ஆம்பளை மாதிரி இருப்பாளாம், ராட்சசியாம்." டெசிரே குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். "ஆனா என்ன சொல்றது, மேடம். இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நானும் அப்படித்தான் பாப்பேன்."

ஓர்லிந்தா கியரை மாற்றினாள். குழந்தை அவள் முழங்கையில் தலை சாய்த்துத் தூங்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போகாதே என்று சொன்னால் போதும். ஏன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அந்த மூன்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்தப் பெண் வாயில் எதுவும் தங்காது, சாயங்காலமே அவனிடம் சொல்வாள். அவன் உஷாராகிவிடுவான். மறுபடி மிளகாய் வரிசையில் நின்று தலையைச் சாய்த்துச் சிரிப்பான்.

ஓர்லிந்தா ரேடியோவைப் போட்டாள்.

காரை வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னாள் டெசிரே, சரிசெய்ய ஆள் இருக்கிறது என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அத்தை வீட்டு வாசலில் ஓர்லிந்தா காரை இறக்கிக்கொண்டிருந்தபோது லெவி வெளியே வந்தான். வெறுங்கால். சிரித்த முகத்தோடு கேட்டைத் திறக்கக் கை வைத்தவன், நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று பார்த்தான். கை கேட்டிலேயே நின்றுவிட்டது.

ஓர்லிந்தா அவசரப்படவில்லை. சங்கிலியை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள், கொக்கியைத் துணியால் துடைத்தாள்.

"டெசிரே, குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போ," என்றான். குரல் உடைந்திருந்தது.

"ரேடியேட்டர் குழாயை மாத்தச் சொல்லும்மா," என்று டெசிரேயிடம் மட்டும் சொல்லிவிட்டு ஓர்லிந்தா வண்டியில் ஏறினாள்.

அவன் பயந்ததைப் பார்த்தது அவளுக்கு இனித்தது. பல்லில் ஒட்டிய மிட்டாய்போல அது வீடு வரைக்கும் கூடவே வந்தது. இனி அவன் எப்படியும் அந்தத் துப்பாக்கியை வாங்காமல் விடமாட்டான். தான்தான் அவனை அதை நோக்கி ஒரு அடி கூடுதலாகத் தள்ளிவிட்டு வந்தோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அன்று இரவு மட்டும் தூக்கம் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை டெசிரே கடைக்கு வந்தாள், பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். தியோ அவள் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார். மர அறுவை ஆலைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் லெவி காத்திருந்தான். காரில் ஏறி, பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகினான். நாலு பக்கமும் வண்டிகள் வந்து நின்றன. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. அவன் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி மண்ணில் குப்புறப் படுத்தான்.

காரை எடுத்துப்போக இழுவை வண்டி வேண்டும். பிரிசிலா கூப்பிட்டாள். இந்தத் தடவை நிறம், எண், யாருடையது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றால் பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிடுகிறேன் என்றாள். நானே போறேன் என்றாள் ஓர்லிந்தா.

அவள் போனபோது லெவி போலீஸ் வண்டியின் பின்னிருக்கையில் இருந்தான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவள் கிட்டே போய், அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாள். அவன்தான் முதலில் தலை குனிந்தான். அந்த இடத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அது உண்மை, அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

பிறகு திரும்பினாள். கையில் விலங்கோடு டெசிரே நின்றிருந்தாள். குழந்தை காரின் பின்னிருக்கையில் கட்டப்பட்ட நாற்காலியிலிருந்து இறங்க மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தது. அது காரில் இருக்கும் என்று ஓர்லிந்தா நினைத்தே பார்க்கவில்லை. ஒரு பெண் அதிகாரி நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினாள். குழந்தையின் ஒரு செருப்பு கீழே விழுந்தது. ஓர்லிந்தா அதை எடுத்துக்கொடுக்கப் போனாள். டெசிரேயின் கண் அவள் மேல் பட்டது. ஓர்லிந்தா யார் என்று லெவி சனிக்கிழமையே சொல்லியிருப்பான். எல்லாம் இவள் அறிந்து நடந்தது என்பது இப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு விளங்கிக்கொண்டிருந்தது.

லெவிக்கு எட்டு வருடம் கிடைத்தது. பழைய தண்டனையில் மிச்சம் இருந்ததும் அதோடு சேர்ந்தது. தீர்ப்பன்று ஓர்லிந்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவன் எந்த மன்னிப்பும் வாசிக்கவில்லை. டெசிரே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சிறை இல்லை, மூன்று வருடம் அதிகாரியிடம் கையெழுத்துப் போட வேண்டும். பெயரில் குற்றம் ஏறிவிட்டதால் முதியோர் இல்லத்தில் வேலை போயிற்று. குழந்தை பல மாதம் டெசிரேயின் அம்மா வீட்டில் இருந்தது.

கார் அதுவரை சாட்சிப் பொருளாக ஓர்லிந்தாவின் முற்றத்தில் நின்றது. ஏப்ரலில் விடுவிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. டெசிரே தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அன்னிக்கு என்னையும் பாப்பாவையும் ஏத்திட்டு வந்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

டெசிரே ஏதோ ஒரு சாக்கு வரும் என்று காத்திருந்தாள். ஓர்லிந்தா சாக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் தப்பித்திருப்பான், அதனால் சொல்லவில்லை என்றாள். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை என்றாள்.

"கோபம் இல்லாமலே இப்படியா," என்றாள் டெசிரே. காரை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டுத் திரும்பி, "நான் இதை மறக்க மாட்டேன். தெரிஞ்சுக்கோங்க," என்றாள்.

"மறக்காதே," என்றாள் ஓர்லிந்தா. கேலியாகச் சொல்லவில்லை. தன் மகனைப் பற்றிப் பேசும்போது தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் கேட்டது அதே குரல்.

குளிரில் நின்ற கார் கிளம்ப மறுத்தது. ஓர்லிந்தா கேபிளைக் கொண்டுவந்து தன் வண்டி பேட்டரியில் மாட்டினாள். டெசிரே நன்றி சொல்லவில்லை. ஓர்லிந்தா அதை எதிர்பார்க்கவும் இல்லை. கார் கிளம்பி, வாசலைத் தாண்டி, கணவாய்ப் பக்கம் திரும்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிசிலா பூசை முடிந்து மிளகாய்க் குழம்பில் ஊறிய சோள ரொட்டி, எஞ்சிலாடா, ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்போதாவது மனசு ஆறிற்றா என்று பிரிசிலா கேட்டாள். அவன் விஷயத்தில் ஆறிற்று, அந்தப் பெண் விஷயத்தில் இல்லை என்றாள் ஓர்லிந்தா. அந்தக் குழந்தையின் கத்தல் சில சமயம் மலை ஏறும்போது கேட்கிறது என்றாள். மறுபடி அந்தப் பெண்ணோடு அதே இறக்கத்தில் வண்டி ஓட்டினால் என்ன செய்வாய் என்று பிரிசிலா கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதே ரேடியோவைத்தான் போடுவேன் என்று ஓர்லிந்தா சொல்லியிருப்பாள்.

"எட்டு வருஷம் கழிச்சு அவன் திரும்ப இங்கதானே வருவான்," என்றாள் பிரிசிலா.

"வரட்டும். எனக்கு அறுபத்திரண்டு ஆகும். வண்டி ஓட்டிட்டுத்தான் இருப்பேன்," என்று சொல்லிவிட்டு ஓர்லிந்தா தட்டை நகர்த்தி, தனக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.